மலிவான மனைக்குக் காரணம் என்ன?

தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்றால் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடப்பது தெரியும். கிழக்கே கிறித்தவக் கல்லூரியின் மரக்கூட்டம், சேலையூர், கேம்ப் ரோடு. மேற்கே கடைவீதி, அதைத் தாண்டினால் முடிச்சூர் சாலை. இரு பக்கத்துக்காரர்களும் ஏறுவது அதே மின்சார ரயில்; கடற்கரை நிலையத்துக்கு ஆகும் நேரமும் ஒன்றே. ஆனாலும் முடிச்சூர் சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போனதும் மனை விலை இறங்கத் தொடங்கும். கிழக்கே அதே தொலைவு போனால் அந்த அளவு இறங்குவதில்லை.

2014இல் என் பெரியம்மா மகன் அந்த மேற்குப் பக்கத்தில் ஒரு தனி வீடு வாங்கினார். பார்க்கப் போனபோது நானும் கூட இருந்தேன். அரை கிரவுண்டு, இரண்டு படுக்கையறை, வாசலில் ஒரு தென்னங்கன்று. பட்டா இருக்கிறதா, லோன் கிடைக்குமா, போர் தண்ணீர் உப்பா என்று அண்ணன் வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நல்ல பதிலே வந்தது. கிழக்கைவிட இங்கே ஏன் இவ்வளவு குறைவு என்று மட்டும் எங்களில் யாரும் கேட்கவில்லை. குறைவாகக் கிடைத்ததே அதிர்ஷ்டம் என்று இருந்துவிட்டோம். அடுத்த ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி காலையில் அந்த வீட்டின் ஜன்னல் விளிம்புவரை தண்ணீர் நின்றது.

புறநகரில் ஒரு மனையோ ஃபிளாட்டோ மலிவாகக் கிடைக்கிறதென்றால் அதற்குக் காரணம் இருந்தே தீரும். சில காரணங்கள் காலத்தோடு தீர்பவை: சாலை போடவில்லை, பஸ் வரவில்லை, பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை. சில காரணங்கள் நிலத்தை விட்டுப் போகாதவை: பள்ளம், நீர்வழி, வில்லங்கம். தூரம் இந்த இரண்டிலும் சேராது. அது வாங்குபவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். முதல் வகை மலிவு, காத்திருக்கத் திராணி உள்ளவருக்கு லாபம். இரண்டாம் வகையை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது என்பது என் முடிவு. விற்பவரிடம் கேட்டால் எல்லாமே முதல் வகைதான் என்பார். இரண்டையும் பிரித்தறியும் வேலை வாங்குபவர் தலையில் விழுகிறது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதே இந்தக் கட்டுரை.

நிலவிலை குறித்துப் பொருளியலில் ஒரு பழைய விளக்கம் உண்டு. 1964இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் அலோன்சோ அதற்கு முறையான வடிவம் கொடுத்தார். வேலையெல்லாம் நகரின் நடுவில் இருக்கிறது; நடுவிலிருந்து விலக விலக நிலவிலை குறைகிறது; அப்படி மிச்சமாகும் பணம் போக்குவரத்துச் செலவாக வேறு வழியில் போய்விடுகிறது. பழைய மெட்ராஸுக்கு இது ஓரளவு பொருந்தியது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, பாரிமுனை அலுவலகங்களில் வேலை செய்தவர்கள் மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம் என்று தெற்கே நகர்ந்தார்கள். தண்டவாளம் போன வழியில் ஊர் வளர்ந்தது.

இன்றைய சென்னைக்கு அப்படி ஒற்றை நடு கிடையாது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் வந்தது. இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலைநகரிலும் கார்த் தொழிற்சாலைகள் 1990களில் வந்தன. தரமணியில் 2000இல் டைடல் பார்க் திறந்தபின் பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கணினி நிறுவனங்கள் நிரம்பின. சிறுசேரிவரை அவை போயிருக்கின்றன. ஒரகடத்தில் ஷிப்ட் பார்ப்பவருக்குப் படப்பை பக்கம், அண்ணா நகர் தூரம். சிறுசேரியில் வேலை செய்பவருக்கு ஆவடி வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தினமும் நகரைக் குறுக்காகக் கடந்தாக வேண்டும். தொலைக்காட்சி விளம்பரங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய ‘சென்னைக்கு மிக அருகில்’ என்ற சொல் இதனாலேயே பொருள் இழந்துவிட்டது. எந்தச் சென்னைக்கு என்று முதலில் கேட்க வேண்டும். கணவனும் மனைவியும் இரு திசைகளில் வேலை செய்யும் வீட்டில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் வரும். பெரும்பாலும் கணவனின் பதிலை வைத்தே வீடு வாங்குகிறார்கள். சமைத்து வைத்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போகும் மனைவியின் தூரம் கணக்கில் ஏறுவதில்லை.

கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே போட்டுப் பார்க்கலாம். கட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஃபிளாட்டின் விலை 50 லட்சம் என்று கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வங்கி அதிகபட்சம் 80 விழுக்காடுதான் தரலாம். ஆகவே 10 லட்சம் கைப்பணம். 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புதிய ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பின் மீது பதிவு நடக்கிறது. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 விழுக்காடு. அது 3 லட்சம். கட்டுமானம் முடியாத வீடு என்பதால் ஜிஎஸ்டி உண்டு. 45 லட்சத்துக்குள்ளும் பெருநகரில் 60 சதுர மீட்டர் கார்பெட் பரப்புக்குள்ளும் இருந்தால் 1 விழுக்காடு, மீறினால் 5. இந்த வீடு 50 லட்சம் என்பதால் இன்னும் இரண்டரை லட்சம். முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் வங்கி கடன் மதிப்பில் சேர்ப்பதில்லை. ஒரு ஆணி அடிக்கும் முன்பே கையிலிருந்து பதினைந்தரை லட்சம் போயிருக்கும். ‘பத்து லட்சம் இருந்தால் போதும் சார்’ என்று சொல்லும் விற்பனைப் பிரதிநிதி மீதி ஐந்தரை லட்சத்தைப் பற்றிப் பேசமாட்டார். அந்த ஐந்தரை லட்சத்தை நகைக்கடனாகவும் கைமாற்றாகவும் புரட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மீதி 40 லட்சம் கடன். 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 34,700 ரூபாய். மொத்தம் கட்டி முடிப்பது 83 லட்சத்துக்கு மேல். இந்த விகிதத்தில் ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் தவணை சுமார் 8,700 கூடும். நகருக்குள் 60 லட்சத்துக்கு விற்பதை வெளியே 50 லட்சத்துக்கு வாங்கினால், வித்தியாசம் முழுவதையும் கடனாக எண்ணும்போது அந்த 8,700 மிச்சம் என்றுதான் தோன்றும். பத்து லட்சம் குறைந்த புறநகர் உண்மையிலேயே மலிவா என்பதை இந்த 8,700க்கு எதிரே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கணவன் போகவர 60 கிலோமீட்டர் பைக்கில் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள், 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிடைத்தாலும் 33 லிட்டர் பெட்ரோல், 3,300 ரூபாய். மனைவிக்கு ரயில் சீசன் டிக்கெட் மலிவுதான். நிலையத்துக்குப் போக, நிலையத்திலிருந்து வர ஷேர் ஆட்டோ தனி. இரண்டும் சேர்த்து 1,500. நல்ல பள்ளி பக்கத்தில் இல்லாததால் பிள்ளைக்கு வேன், 2,000. குடிக்கக் கேன் தண்ணீர், கோடையில் குடியிருப்புக்கு லாரித் தண்ணீர்ப் பங்கு, மாதச் சராசரி 1,500 என்று வைத்தால்கூட மொத்தம் 8,300 ஆகிவிடுகிறது. சேமிப்பு ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிட்டது. இதெல்லாம் ஒரு மாதிரிக் கணக்குதான். அவரவர் எண்களை அவரவர் போட்டுக்கொள்ளலாம். 2006இல் சிகாகோவைச் சேர்ந்த ஒரு ஆய்வு மையம் இந்தச் சிந்தனையை ஒரு குறியீடாகவே ஆக்கியது. வீட்டுச் செலவும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து வருமானத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த இடம் கட்டுப்படியாகாது என்பது அவர்கள் வகுத்த எல்லை. வீட்டை மட்டும் பார்த்தால் மலிவாகத் தெரிந்த பல அமெரிக்கப் புறநகர்கள், இரண்டையும் கூட்டியதும் கட்டுப்படியாகாதவையாக மாறின.

நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. நாளுக்கு மூன்று மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 900 மணி நேரம். இரவு பகலாக எண்ணினால் முப்பத்தேழரை நாள். பிள்ளை தூங்கியபின் வீடு சேரும் தகப்பனுக்கு இதன் விலை என்ன என்று எந்தக் குறியீடும் சொல்லாது.

தூரத்தின் விலையைச் சென்னையிலேயே கண்ணால் பார்க்கலாம். நகருக்குள் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்த குடும்பங்களை 2000க்குப் பிறகு கண்ணகி நகரிலும் பின்னர் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். சுவரும் கூரையும் முன்பிருந்ததைவிடப் பலமானவை. ஆனால் மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நடந்துபோய் வீட்டு வேலை செய்த பெண்கள் பலருக்கு அந்த வேலை போயிற்று. கிட்டத்தட்டக் கையிலிருந்து எதுவும் கொடுக்காமல் கிடைத்த வீடுகூட, வேலையிலிருந்து விலகிப்போனால் குடும்பத்தை நிமிரவிடாது. அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, தேர்ந்தெடுக்கும் வாய்ப்புள்ளவர்கள் அவர்களிடமிருந்து கற்க வேண்டியது இது.

இனி நிலம். சென்னையைச் சுற்றியுள்ள செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் நாடு. தரை அநேகமாகத் தட்டை. மழை ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அதைப் பிடித்துவைக்க நம் முன்னோர் ஏரிக்குக் கீழ் ஏரியாகச் சங்கிலி கோத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, மறுகால் ஓடி, கீழ் ஏரியில் சேரும். கடைசி ஏரி ஆற்றிலோ சதுப்பிலோ முடியும். இந்தச் சங்கிலியின் மேல்தான் நம் புறநகர்கள் உட்கார்ந்திருக்கின்றன. தி.நகர்கூட 1920களில் மாம்பலத்தின் நெடிய ஏரியை வடித்து அமைத்த குடியிருப்பு. முகப்பேரில் ஒரு பகுதிக்கு ‘ஏரி ஸ்கீம்’ என்றே பெயர்; கட்டியது அரசின் வீட்டு வசதி வாரியம். தனியாரை மட்டும் குறை சொல்லிவிட முடியாது.

ஊர்ப் பெயர்கள் இன்னும் உண்மை பேசுகின்றன. தாங்கல் என்றால் சிறு ஏரி. பழவந்தாங்கல் என்று சொல்லும்போது நாம் ஒரு நீர்நிலையைத்தான் சொல்கிறோம். ஏந்தல் என்பதும் அதுவே. ஆனால் புதிய லேஅவுட்டுகள் இந்தப் பெயர்களைத் துடைத்துவிட்டு ஏதோ ஒரு ‘கார்டன்’, ‘அவென்யூ’ என்று எழுதிக்கொள்கின்றன. மனை வாங்கப் போகிறவர் முதலில் பழைய பெயரைக் கேட்டறிய வேண்டும்.

முடிச்சூருக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியை நள்ளிரவில் திறந்ததால்தான் எல்லாம் மூழ்கியது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். நந்தம்பாக்கம், கோட்டூர்புரம் போன்ற கீழ்ப்பகுதிகளுக்கு அந்த நீர் பெரும் சுமைதான். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேருமிடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆறு வரும் திசையில் இருக்கின்றன. அங்கே வந்தது மணிமங்கலம், ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் மறுகால் நீர். ஆறாக உருவெடுக்கும் இடத்திலேயே வீடுகள் இருந்தன. செம்பரம்பாக்கத்தின் மதகைத் திறந்திருக்காவிட்டாலும் அண்ணன் வீட்டு ஜன்னலுக்குத் தண்ணீர் வந்திருக்கும். வெள்ளத்துக்குப் பின் அங்கே மூடிய வடிகால்கள் கட்டினார்கள், ஆற்றை அகலப்படுத்தினார்கள். 2021 நவம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருக்களில் மறுபடி படகு போயிற்று.

கிழக்கு முழுக்க மேடு என்றும் எண்ணிவிடக் கூடாது. செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் சங்கிலி அந்தப் பக்கம் ஓடிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் முடிகிறது. தென்சென்னையின் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் நீர் அந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற ஒரே வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பில் எஞ்சியதை வைத்து 2022இல் ராம்சார் தளமாக அறிவித்தபோது கிடைத்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதிகளை ஆய்வு முடியும்வரை நிறுத்திவைக்கச் சொன்னது. முன்பணம் கட்டிய எத்தனையோ குடும்பங்கள் அதில் மாட்டிக்கொண்டன. சதுப்பைக் காக்க அந்த உத்தரவு அவசியம் என்பதே என் எண்ணம். மாட்டிக்கொண்ட குடும்பங்களின் தவிப்பும் நியாயமானது. இரண்டும் சேர்ந்தே மனத்தில் நிற்கின்றன.

இதைச் சாதாரண மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பது? வருவாய்த் துறையின் பதிவேடுகள் நாம் நினைப்பதைவிட நன்றாக உதவும். அ-பதிவேட்டில் அந்தப் புல எண் நன்செயா புன்செயா என்று பாருங்கள். நன்செய் என்றால் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம்; ஏரிக்கரைக்குக் கீழே, நீர் தானாக இறங்கி வரக்கூடிய மட்டத்தில் இருந்திருக்கும். புன்செய் பொதுவாக மேட்டு நிலம். வரி போடுவதற்காகப் பதிவேட்டில் ஏற்றிய இந்தப் பிரிவு, இன்றைக்கு நமக்கு மட்டக்கோலாகப் பயன்படுகிறது. அடுத்தது புல வரைபடம், எஃப்எம்பி என்பார்கள். மனைக்கு அருகில் வாய்க்கால் புறம்போக்கு என்று நீண்ட ஒடுங்கிய புலம் ஓடுகிறதா, அது தரையில் இன்னும் வாய்க்காலாக இருக்கிறதா, அல்லது சிமென்ட் ரோடாகிவிட்டதா என்று ஒப்பிடுங்கள். ரோடாகியிருந்தால் அந்த ரோட்டில்தான் மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும். கிராம வரைபடத்தில் ஏரியின் உள்வாய் எது, கலங்கல் எந்தப் பக்கம் என்று பார்க்கலாம். கலங்கலுக்கு நேர் எதிரே உள்ள மனை, எத்தனை அடி மண் கொட்டி உயர்த்தியிருந்தாலும், நீரின் பாதையில்தான் இருக்கிறது.

பிறகு நேரில் போக வேண்டும், கார்த்திகை மாதத்தில். தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் பால் பூத்திலும் பேசினால் பதினைந்து நிமிடத்தில் விவரம் தெரிந்துவிடும். ‘தண்ணி வருமா?’ என்று கேட்டால் மழுப்புவார்கள். ‘2015ல எது வரைக்கும் வந்துச்சுண்ணே?’ என்று கேட்டால் சுவரில் கைவைத்தே காட்டுவார்கள்.

நீர் வேறு வகையிலும் காரணமாகும். புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டடங்களுக்கு 2008இன் இரண்டாம் மாஸ்டர் பிளானிலேயே கடும் கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே மனை மலிவாக வந்தால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிட்டது. எண்ணூர், மணலி வட்டாரத்தில் 2021 முதல் விம்கோ நகர்வரை மெட்ரோ போகிறது, விலையும் தெற்கைவிடக் குறைவு. ஆனால் சுத்திகரிப்பாலை, அனல்மின் சாம்பல், 2023 டிசம்பரில் கழிமுகம் முழுக்கப் படர்ந்த எண்ணெய் எல்லாம் அந்தக் காற்றிலும் நீரிலும் இருக்கின்றன. அங்கே தலைமுறைகளாக வாழும் மக்களுக்கு நல்ல காற்று உரிமையாகக் கிடைக்க வேண்டும். அது கிடைக்கும்வரை மலிவு என்ற ஒரே காரணத்துக்காகச் சிறு பிள்ளைகளோடு அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பத்திரத்துக்கு வருவோம். 1990கள் முதல் புறநகர்க் கிராமங்களில் வயல்களைப் பிரித்து, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்ற மனைகள் கணக்கிலடங்காதவை. லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் அரசின் நகரமைப்பு அமைப்புகளான சிஎம்டிஏவிடமும் டிடிசிபியிடமும் இருந்தது. பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரைக்கு அந்த வலு இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோதுதான் லட்சக்கணக்கானவர்களுக்குத் தங்கள் கையிலிருக்கும் காகிதத்தின் மதிப்பு தெரிந்தது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திய மனையை வாங்கலாம், விற்கலாம், கடனும் கிடைக்கும். ஆனால் அந்த முத்திரை குறுகிய தெருவை அகலமாக்காது, பூங்காவுக்கு விடாத இடத்தைத் திருப்பித் தராது.

வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுக்கு எடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் பதிவானவை மட்டுமே அதில் வரும். பதிவாகாத உயில், பாகப்பிரிவினை கேட்டு அத்தை மகள் போட்டிருக்கும் வழக்கு இவை அதில் தெரியாது. மூலப்பத்திரத்திலிருந்து சங்கிலி அறுபடாமல் வருகிறதா, பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, நிலம் கோயிலுக்கோ வக்பு வாரியத்துக்கோ சொந்தமாக இருந்ததா என்று ஒரு நல்ல வக்கீல் பார்த்துச் சொல்வார். வங்கி லோன் கொடுக்கிறதே என்று இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு.

2016இன் ரியல் எஸ்டேட் சட்டம் வாங்குபவருக்குப் பெரும் பாதுகாப்பு. வாங்குபவரிடம் வசூலாகும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் போட வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டினால் பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு 223 சதுர மீட்டர். கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தம், மேலே இரண்டு மூன்று மாடி என்று மடிப்பாக்கம் முதல் ஊரப்பாக்கம் வரை ஒவ்வொரு தெருவிலும் எழும் கட்டடங்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கிரவுண்டில் வருபவை. நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் இருக்கும் ஃபிளாட்டுகள் இந்தக் கட்டடங்களில்தான் அதிகம். பாதுகாப்பு யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்கள் வாங்கும் வீடே சட்டத்தின் கண்ணிக்கு வெளியே நிற்கிறது. இந்த விலக்கைக் குறைக்க வேண்டும். இத்தகைய ஃபிளாட்டில் அனுமதி பெற்ற வரைபடத்துக்கு மேல் ஒரு மாடி எழும்பியிருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதும், யுடிஎஸ் எனப்படும் பிரிபடா மனைப் பங்கு எல்லா வீட்டுக்கும் சேர்த்து மொத்த மனைக்குச் சரியாக வருகிறதா என்று கூட்டிப் பார்ப்பதும் நம் வேலை.

காலம் தீர்க்கும் மலிவு எங்கே இருக்கிறது? மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி. மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் இரண்டு தடங்கள், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு ஒன்று. இந்தத் தடங்களின் ஓரத்தில் வாங்குவது சாமர்த்தியம் என்பார்கள். தூண் எழுந்ததுமே விலையும் ஏறிவிட்டது. வராத ரயிலுக்கு வாங்குபவர் முன்கூட்டியே டிக்கெட் எடுக்கிறார். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007இல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மீதி ஐந்து கிலோமீட்டர் எத்தனை ஆண்டுகள் தூணாக நின்றது என்று அந்தப் பக்கம் வீடு வாங்கியவர்களைக் கேட்டால் தெரியும். 2022இல் பரந்தூர் விமான நிலையம் அறிவித்த மறுமாதமே காஞ்சிபுரம் சாலையில் விளம்பரப் பலகைகள் நட்டுவிட்டார்கள். அந்தத் திட்டத்துக்கு நிலம் போகும் ஏகனாபுரத்து மக்கள் தங்கள் வயலைக் காக்கப் போராடிக்கொண்டிருக்க, அந்த நிலத்தின் பெயரால் இன்னொருவர் லாபம் பார்ப்பது பொறுக்க முடியாத காட்சி.

எனவே நான் பார்க்கச் சொல்வது ஏற்கெனவே ஓடும் ரயிலை. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மேற்குத் தடத்தைத் தென்சென்னைக்காரர்கள் மனத்தில் கொள்வதே இல்லை. அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று வரிசையாக ஊர்கள்; ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது; 2024இல் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்தது. தெற்கைப்போல இங்கே விளம்பர வெளிச்சம் இல்லை, அதனால் மதிப்பும் குறைவாகவே போகிறது. விலையில் இது காலம் தீர்க்கும் மலிவு. இங்கும் ஏரிகள் உண்டு. திருநின்றவூர் ஈசா ஏரி நிரம்பினால் சுற்றியுள்ள நகர்களில் தண்ணீர் நிற்பது அந்த ஊர்க்காரர் அறிந்தது. அ-பதிவேடும் இஸ்திரிக்காரரும் இங்கேயும் வேண்டும்.

நிலையத்திலிருந்து வீட்டுக்கு இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்வேன், முடிந்தால் வீட்டுப் பெண்ணோடு. தெருவிளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, நாய்கள் எத்தனை என்று அவள் பார்ப்பதை ஆண் பார்ப்பதில்லை.

அண்ணன் அந்த வீட்டை 2017இல் நட்டத்துக்கு விற்றார். அடுத்ததை வாங்குமுன், வாங்க நினைத்த ஊருக்கே குடும்பத்தோடு வாடகைக்குப் போனார். நம் ஊரில் வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தானே போடுகிறார்கள். ஆவணியில் குடிபோனால் ஆனியில் முடியும். நடுவே ஐப்பசி கார்த்திகை மழையும் சித்திரை வைகாசித் தண்ணீர்ப் பஞ்சமும் இரண்டும் வந்துவிடும். மாதம் 12,000 வீதம் அவர் கொடுத்த வாடகை 1,32,000 ரூபாய். அது வீண் செலவு என்று பெரியம்மா கடிந்துகொண்டார். அண்ணன் அந்தக் கார்த்திகையில் மூன்று இரவுகள் குடை பிடித்துக்கொண்டு, டார்ச் லைட்டோடு, தான் வாங்க நினைத்திருந்த தெருவின் கோடிவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.